உளுந்தோடு காய்ந்த முருங்கை

ஏனாத்தூர்ப் பக்கத்துக் கல்லூரியில் உயிர்வேதியியல் முதுகலை படிக்கும் சசிரேகாவுக்குத் திங்கட்கிழமை செய்முறையோடு வாய்மொழித் தேர்வு. அவளுடைய ஆய்வே முருங்கைக்கீரைதான். உடம்பில் ஃப்ரீ ரேடிக்கல் என்று சில மூலக்கூறுகள் உண்டு. எலக்ட்ரான் ஒன்று குறைவதால், கண்ணில் பட்ட உயிரணுவிடமெல்லாம் அதைப் பிடுங்கித் தின்னும். சர்க்கரை, இதய நோய் எல்லாவற்றிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. தன் எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுத்து அவற்றை அடக்குவது ஆன்டிஆக்ஸிடன்ட். அதைச் சோதிக்கும் ஊதாக் கரைசலில் கீரைச்சாறு விட்டதும் மஞ்சளானால் கீரையில் அது இருக்கிறது என்று அர்த்தம். ஊதாவாகவே நின்றால் சசிரேகாவின் கதி அதோகதிதான்.

வெயில் பட்டால் அது அழிந்துவிடும் என்று, போன ஞாயிறு மானாம்பதி வீட்டில், நிழலில் கயிறு கட்டிக் கீரையைத் தொங்கவிட்டு விடுதிக்குப் போனாள். இந்த ஞாயிறு வந்து பார்த்தால் கயிறு காலி.

"நெழல்ல பூஞ்ச புடிச்சிடும்னு ரோட்டாண்ட உளுந்தோட போட்டேன்டி. மொறுமொறுன்னு கீது பாரு," என்றாள் அம்மா சுலோச்சனா, பெருமையாக.

ஒரு வார வெயில், போதாக்குறைக்கு உத்திரமேரூர் பஸ் வேறு ஏறி இறங்கிய கீரை. சசிரேகா வாய்க்கு வந்தபடி கத்தினாள். அம்மா முகம் சுருங்கிப்போனது. குள்ளமான அம்மாவுக்கு எட்டாமல் கயிற்றின் உயரமான கோடியில் ஒரே ஒரு கொத்து மட்டும் தொங்குவது அப்போதுதான் கண்ணில் பட்டது. அது போதுமோ போதாதோ என்று ரோட்டுக் கீரையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு, சாப்பிடாமலே பஸ் ஏறினாள்.

மறுநாள் தேர்வாளர் முன் ரோட்டுக் கீரைச்சாற்றை முதலில் விட்டாள். ஊதா லேசாக மங்கியதோடு நின்றது. கயிற்றுக் கீரைச்சாற்றை விட்டாள். ஊதா வெளுத்து, கண்ணெதிரே மஞ்சளானது. இரண்டு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அவளுக்கே சிரிப்பு பீறிட்டது. வெயில் எதைத் தின்றது என்பதை இதைவிடப் பளிச்சென்று யார் காட்ட முடியும்?

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இப்படி ஒப்பிடும் யோசனை யாருடையது என்று கேட்டார். தன்னுடையது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அம்மாவின் சுருங்கிய முகம் நினைவுக்கு வந்தது.

"எங்கம்மா சார். உளுந்து காய வெக்கிறவங்க."

முதல் வகுப்பு. படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாவி இறங்கியபடியே போன் போட்டு, கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டு, நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினாள்.

"அப்ப அடுத்து இன்னா கீர காய வெக்கணும், சொல்லு," என்றாள் சுலோச்சனா. "உளுந்து இன்னும் ரோட்டுலதான் கீது."