யாரும் படிக்காத சிவப்புக் கட்டம்

உலகின் மகத்தான உண்மைகள் எல்லாம் சுருக்கமாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. மருத்துவமனை முன்பதிவு மென்பொருளில் ஏதாவது தவறினால் திரையில் காட்ட நம் கதாநாயகர் எழுதிய உண்மை, 'பிழை 17'. அதைப் பார்த்த நோயாளிகள், புதிதாக ஏதோ வியாதி வந்துவிட்டதென்று பயந்துபோய் போன் செய்தார்கள்.

"பிழைச் செய்தியை எவன்யா படிக்கிறான்?" என்பது அவருடைய இருபது வருடக் கொள்கை. அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'பதினேழு' என்று பெயர்.

அவரே சிபாரிசு செய்து வேலைக்குச் சேர்த்துவிட்ட மச்சினி, ஒரே மாதத்தில் பாதிச் செய்திகளை மாற்றி எழுதினாள். 'டாக்டர் ஞாயிறன்று வருவதில்லை. திங்கள் காலை பத்து மணி காலியாக இருக்கிறது, வேண்டுமா?' போன்கள் குறைந்தன. அதைக்கூடப் பொறுத்திருப்பார். முழங்கால் வலிக்கு முன்பதிவு செய்த மாமியார், சாப்பாட்டு மேஜையில் அதைப் பாராயணம் செய்ததுதான் வயிற்றில் பற்றிக்கொண்டது.

"சின்னவ எழுதினதப் பாத்தா யாரோ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு. மாப்பிள்ள எழுதினதப் பாத்தா போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரி."

மனைவி சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தாள்.

"விடும்மா. மாமா எழுதினதும் நல்லாத்தான் இருக்கும், சின்னதா," என்றாள் மச்சினி.

அந்தச் 'சின்னதா'வுக்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மீதிச் செய்திகளை யார் எழுதுவதென்று வெள்ளிக்கிழமை மேனேஜர் முடிவு செய்வதாக இருந்தது. ஆகவே செவ்வாயன்று நம்மவர் எண்பது வயது மூதாட்டியாக அவதாரம் எடுத்தார். நோயாளிகளின் புகார்ப் பக்கத்தில், 'புதுச் செய்திகள் வளவளவென்று பேசுகின்றன, பழைய எண்களே ஆறுதலாக இருந்தன' என்று உருக்கமாக எழுதி, ஒரு பொய்ப் பெயரும் கைக்கு வந்த பிறந்த தேதியும் போட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்தினார். சிவப்புக் கட்டம் ஒன்று எட்டிப் பார்த்தது. மச்சினியின் கைவண்ணம். அதைப் போய் இவர் படிப்பதா? முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி அழுத்தினார். கட்டம் போகவில்லை. சர்வர்தான் மந்தம் என்று திட்டிக்கொண்டே புதனும் அழுத்தினார், வியாழனும் அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கேட்டார்: "புதுச் செய்தி மேல புகார் ஏதாவது வந்திருக்கா?"

"ஒண்ணும் வரல சார்," என்றாள் மச்சினி. "ஆனா ஒருத்தர் மட்டும் மூணு நாளா ஒரே எடத்துல மாட்டிட்டு நிக்கிறாங்க. முப்பத்தொரு தடவ. பாவம், வயசானவங்க போல. நான் இன்னும் தெளிவா எழுதியிருக்கணும்."

"யாரு, எங்கேருந்துன்னு பாத்தியாம்மா?"

"இன்னும் பாக்கல சார்."

மேனேஜர் அந்தப் பதிவைப் பெரிய திரையில் திறந்தார். காட்டப்பட்ட செய்தி: 'பிப்ரவரியில் முப்பதாம் தேதி இல்லை. பிறந்த தேதியை ஒருமுறை சரிபாருங்கள்.' கணினி இருக்குமிடம்: நமது அலுவலகம், மூன்றாம் மாடி, ஜன்னலோர மேஜை.

மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் ஒரே ஒரு மேஜைதான் உண்டு. அது அவருடையது.