மருவும் தூசியும்

என் இரண்டாவது தாடையை எவன் தின்றான்?

ஹாதவிக் திரையை உற்றுப் பார்த்தாள். பாலாடைக்கட்டி நிறுவனம் ஒன்றின் வேன் மேல் ஒட்டுவதற்காக அவள் மையில் வரைந்த கன்னியர் மடத்துத் தலைவி அங்கே இருந்தாள். மாதிரிக்கு வேறு யாரும் சிக்காததால் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே வரைந்திருந்தாள். ஸ்கேன் செய்த படத்தில் இரட்டைத் தாடை, மூக்கோரத்து மரு எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் அது வெறும் புள்ளிக்கூட்டம். பெரிதாக்கினால் கோடுகள் படிக்கட்டாக உடையும். அதனால் யோரிஸ் அதைக் கணிதக் கோடுகளாக மாற்றும் பொத்தானை அழுத்தியிருந்தான். மென்பொருள் ஒவ்வொரு கோட்டிலும் நடுவை மட்டும் பொறுக்கிக்கொண்டு, பருமனையும் நடுக்கத்தையும் துப்பிவிட்டது. பருமனோடு இரண்டாவது தாடையும் போய்விட்டது.

“அடடா, தாயே! உனக்கு இருபது வயசு குறைஞ்சுபோச்சே!” என்றான் யோரிஸ். கென்ட் நகரத்து அந்தச் சின்ன ஸ்டூடியோ அவனுடையது. படம் வரைந்த நாளிலிருந்து அவளைத் தாயே என்றுதான் கூப்பிடுகிறான்.

“மரு எங்கடா?”

“எட்டுப் புள்ளிக்குக் கீழ இருந்தா தூசின்னு தூக்கிடும். அப்படித்தான் வெச்சிருக்கேன்.”

“அது தூசி இல்ல. என் மரு.”

“அதுக்கு எப்படித் தெரியும்? என் பூனை முடியையும்தான் தூக்கிச்சு. பூனை கோவிச்சுக்கலையே!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வழுவழு முகம் ஒரு நொடி அவளுக்குப் பிடித்தும்விட்டது. எரிச்சலே அதுதான். எத்தனை களிம்பு பூசியும் நடக்காததை ஒரு பொத்தான் செய்துவிட்டதே என்று உள்ளே ஒருத்தி கூச்சமில்லாமல் குதித்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். இவள் பாவம் எதுவும் செய்திருப்பாள் என்று நம்ப முடியவில்லை. பாலாடைக்கட்டி தின்றிருப்பாள் என்றுகூட நம்ப முடியவில்லை.

“நடுக்கோடு வேண்டாம். ரெண்டு ஓரத்தையும் பிடிக்கிற மாதிரி போடு. பருமன் அப்படியே நிக்கும்.”

“போட்டா உன் தாடைக்கே நானூறு முனை வரும். ஸ்டிக்கர் வெட்டுற மெஷின் அழும்.”

“அழட்டும். மெதுவா வெட்டும், அவ்வளவுதானே?”

“இவளே போதும், தாயே. அழகா வேற இருக்கா. கீழ உன் கையெழுத்தை மட்டும் போடு, அனுப்பிடறேன்.”

திரையில் எழுதும் பேனாவை நீட்டினான். ஹாதவிக் அதை வாங்கி, மேசையின் அந்தப் பக்கம் மெல்ல வைத்தாள்.

“வேண்டாம், யோரிஸ்.”

அவள் விரல் தானாக மூக்கோரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.