டக்டக் மல்லி

மஜீட் நானாவின் பட்டறையில் இரண்டு செயின்கள் பக்கத்துப் பக்கத்து ஆணிகளில் தொங்கின. உதயரூபன் சாக்கில் குந்தியிருந்து, மண்ணெண்ணெய்த் தட்டுக்குள் என்ஜினின் மேல்மூடியைத் தூரிகையால் கழுவிக்கொண்டிருந்தான். கழுவியது போதும் என்று நானா முன்பே சொல்லிவிட்டார். ஆனால் கையைச் சும்மா வைத்திருக்க அவனால் முடியவில்லை.

அது எழுபதுகளில் ஜப்பானிலிருந்து வந்த இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள். மாமனார் ஓடித் தேய்ந்து அவன் கைக்கு வந்தது. சுனாமி அவனுடைய தோணியையும் வலையையும் மூத்த மகளையும் கொண்டுபோனபோது, இதை மட்டும் தாழம்புதருக்குள் தலைகீழாகச் செருகிவிட்டுப் போயிருந்தது. அந்த நாட்களில் அதைக் கண்ணால் காணவே அவனுக்கு ஆத்திரம் வந்தது. பிள்ளையை விட்டுவிட்டு இந்த இரும்பை எடுத்திருக்கக் கூடாதா கடல்? ஆத்திரம் எத்தனை நாளைக்கு? வயிறு கேட்டது. மஜீட் நானா என்ஜினைக் கழற்றி உப்புப் போக அலசிக் கொடுத்தார். மறுபடி கடலில் இறங்க மனம் வராமல், அவன் பின்னால் பெட்டி கட்டி இறால் வியாபாரி ஆனான். பிறகு சண்டை வந்தது. முகாமில் கிடந்து, ஆமி பிடித்த ஊருக்கே திரும்பி வந்தார்கள். எல்லா இடத்துக்கும் மோட்டார் சைக்கிளும் கூடவே உருண்டது.

போன கிழமை காயாங்கேணிக் காட்டுக்குள் டைமிங் செயின் அறுந்துபோனது. என்ஜினுக்குள்ளே ஓடுகிற சின்னச் செயின் அது. கீழே சுழலும் தண்டிலிருந்து மேலே வால்வுகளை ஆட்டிவைப்பது அதுதான். அது போனால் எல்லாம் போச்சு. இருட்டில் இறால் பெட்டியோடு நின்றவனை, ரோந்து வந்தவர்கள் விடியும்வரை சரளைக் கல்லில் முழந்தாளிட வைத்தார்கள். விடிந்தபோது இறால் நாறிவிட்டது. அவனுடைய முழங்கால்கள் இன்னும் ஆறவில்லை.

"ரெண்டில எது நானா?"

"இந்த மெல்லிசு, முதல் கிடந்த அதே அளவு. இண்டைக்கே போட்டு ஓடலாம். மத்தது பெரிய என்ஜினுக்குரிய சாமான். தகடு மொத்தம், நல்ல தடிப்பு. கொழும்பில ஆளிட்டச் சொல்லி எடுப்பிச்சன்." நானா இரண்டையும் ஒரே ஆணிக்கு மாற்றி, கண்ணிக்குக் கண்ணி விரலால் தடவிக்கொண்டு இறங்கினார். "கண்ணி ஒண்டுக்கொண்டு சரியா நிக்கிது, பல்லில இரிக்கும். அகலம்தான் யோசின. உள்ளுக்குச் சுவரில உரசினா நாசம்."

"அறாதது எதுவோ அதப் போடுங்க. இனி ஒருக்கா அந்தக் காட்டுக்குள்ள முழங்கால்ல நிக்க என்னால ஏலா."

செயின் ஓடும் குழியின் இரண்டு சுவரிலும் நானா மெழுகுதிரியை உருக்கித் தேய்த்தார். தடித்த செயினை மாட்டி, கையாலேயே என்ஜினைச் சுழற்றி, திரும்பக் கழற்றி, டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். ஓரிடத்தில் மெழுகு கீறுப்பட்டிருந்தது. அந்த இடத்தை அரத்தால் மெல்ல உராய்ந்துவிட்டு மறுபடியும் மெழுகு பூசினார். லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது மெழுகில் ஒரு கோடும் இல்லை. செயினைத் தொய்யவிடாமல் பிடிக்கும் ஸ்பிரிங் சோர்ந்து கிடந்தது. அதை எறிந்துவிட்டு, அந்த இடத்துக்கு நீளமான மரையாணி ஒன்றைக் கடைந்து போட்டார். முறுக்கினால் செயின் இறுகும், தளர்த்தினால் தொய்யும்.

எல்லாம் பூட்டி, உதயரூபன் கிக்கரை உதைத்தான்.

"என்ன, நிண்டிட்டா?"

"நிக்கல்லடா மனெ, ஓடுது! கைய வெச்சிப் பாரு."

கையை வைத்தான். உள்ளங்கைக்குள் என்ஜின் அதிர்ந்தது. தையல் மெஷின் அளவு சத்தம்கூட இல்லை. இத்தனை வருடமும் தொய்ந்த செயின் சுவரில் அடித்த அடியைத்தான், டக்டக், டக்டக் என்ற அந்த இடியைத்தான், அவன் என்ஜினின் குரல் என்று நினைத்திருந்தான். வெகு காலத்துக்குப் பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. நானாவுக்கும் பெருமை பிடிபடவில்லை. பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காது வைத்துக் கேட்கச் சொன்னார்.

வீட்டு முற்றத்தில் அவன் வந்து இறங்கியபோது மனைவி யோகராணி கிணற்றடியில் நின்றாள். மற்ற நாட்களில் அவன் மதகடிக்கு வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும், சோற்றைப் போட்டு வைப்பாள். இன்றைக்கு அவனுடைய நிழலைக் கண்டதும் அவள் கையிலிருந்த வாளி கிணற்றுக்குள் போனது.

"இஞ்சருங்க, இப்பிடியா வாற? ஆரோ வந்திட்டாங்க எண்டு எனக்கு உசிர் போய் வந்திச்சி."

"புதுச் செயின் புள்ள. சத்தமே இல்ல, பாரன்."

"நல்லாத்தான் இரிக்கு," என்றாள் அவள். முகம் மட்டும் நெடுநேரம் வெளிறியே இருந்தது.

மறுநாள் கிழக்கு வெளுக்க முன்னர் அவன் துறையில் இறாலை நிறுத்து, ஐஸ் போட்டுப் பெட்டியைக் கட்டினான். கொழும்புக்குப் போகும் லொறி வெளிச்சம் வரக் காத்திராது. அதைப் பிடிக்காவிட்டால் இறாலை வாவிக்கே திருப்பிக் கொடுக்கலாம். துறைக்கும் றோட்டுக்கும் நடுவே பாலத்தடிச் சென்றி, ஆமியின் காவலரண், இருந்தது. அங்கே லைட்டை அணைத்துவிட்டுத்தான் கிட்டப் போகவேண்டும்; ஹோர்ன் அடிக்கக் கூடாது. அதனால் அவனுக்கு ஒருநாளும் கஷ்டம் வந்ததில்லை. மேலே காவலில் நிற்பவனுக்குச் சத்தமே அடையாளம். 'டக்டக் மல்லி' என்று அவனுக்குப் பெயரே வைத்திருந்தார்கள்; மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. கீழே வந்து நின்றதும் பெட்டியைத் திறந்து பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

அன்றைக்கும் ஒற்றைப் பனையடியில் லைட்டை அணைத்தான். மணல் மூட்டைகள் இருட்டில் மங்கலாகத் தெரிந்தன. மிகவும் கிட்டப் போன பிறகுதான் மேலே துப்பாக்கியின் கொக்கி சடக்கென்று இழுபட்டது.

"அத் உஸ்ஸப்பாங்!"

கையைத் தூக்கச் சொல்லும் அந்தச் சிங்களம் அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். மோட்டார் சைக்கிளை அப்படியே சரியவிட்டு இரண்டு கையையும் உயர்த்தினான். பெட்டி உடைந்து இறாலும் ஐஸும் றோட்டெல்லாம் சிதறின. டோர்ச் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்து, நம்பரில் விழுந்து, திரும்ப முகத்துக்கு வந்தது.

"டக்டக் மல்லியா?" இறங்கி வந்தவன் மீசை அரும்பிய சிப்பாய். "சத்தே கோ?"

சத்தம் எங்கே என்றுதான் கேட்டான். உதயரூபன் என்ஜினைக் காட்டி, "புதுச் செயின் சேர்," என்றான்.

"நான் சுடப் பாத்தது, மல்லி." சிப்பாய் டோர்ச்சைத் தாழ்த்தினான். "நல்ல செயின் வேணாம். சத்தம் வேணும். நாளைக்கு நான் லீவு. மேல வேற ஆள். அவருக்குச் சொன்னது, டக்டக் வந்தா மீன்காரன். சத்தம் இல்லாம வந்தா..."

இருவருமாகக் குனிந்து இறாலைப் பொறுக்கினார்கள். பாதிக்கு மேல் மண்.

லொறி போய்விட்டது. அவன் நேரே பட்டறைக்குப் போனான்.

"சத்தம் வேணும் நானா."

மஜீட் நானா முதலில் சிரித்தார். நடந்ததைச் சொல்லி முடிக்க முன்னரே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"சைலன்சரக் கழட்டி விடுவமா?"

"அது வேற சத்தம். அவங்களுக்குப் பழகின சத்தம் வேணும்."

"அப்ப ஒரு தகரத்தக் கட்டி ஆடவிட்டா?"

"எதக் கட்டினாலும் குண்டெண்டு நினைப்பானுகள் நானா." ஆணியில் தொங்கிய மற்றச் செயினைக் காட்டினான். "அந்த மெல்லிசுச் செயினப் போடுங்களன்."

"அதுவும் புதுசுதானே. தொய்ஞ்சி சத்தம் போட மாசக்கணக்காகும்." நானா குந்தி, தான் கடைந்து போட்ட ஆணியைப் பெருவிரலால் தடவினார். "இதத் தளத்தினா அடிக்கும். பழைய செயின் நோஞ்சான், சுவரில அடிச்சி அடிச்சி அதுதான் தேஞ்சி அறுந்திச்சி. இது அறாது மனெ. இது அடிச்சா சுவரத்தான் தின்னும். அலுமினியம் எவ்வளவு தாங்கும்? மாரி வரைக்கும் ஓடினா அல்லாட காவல்."

"மாரிக்குப் பிறகு?"

நானா, முந்தின நாள் மெழுகு பூசிப் பார்த்த குழி இருந்த பக்கத்து மூடியைத் துணியால் துடைத்தார்.

"பொழைப்புக்கு இது ஒண்டுதான் நானா கிடக்கு. அது போறதுக்கு முதல் நான் போனா, யோகராணியும் சின்னவளும் என்ன செய்வாங்க? தளத்துங்க."

"எவ்வளவு தளத்த?"

"அவங்களுக்குக் கேக்கிற அளவுக்கு."

"நீ லைட் அணைக்கிற இடத்திலயிருந்து சென்றிக்கு எவ்வளவு தூரம்?"

அவன் ஒழுங்கையை நோக்கிக் கண்ணைச் சுருக்கினான். "அந்தப் பள்ளிவாசல் மதில் முடியிற இடம் மட்டும் வரும்."

"போய் நில்லு. நான் கொஞ்சம் கொஞ்சமாத் தளத்திறன். பழைய சத்தம் கேட்டா அங்கயிருந்து ஒரு கையத் தூக்கு, பூட்டிருவன்."

உதயரூபன் மதில் முடியும் இடத்துக்கு நடந்துபோய்த் திரும்பி நின்றான். என்ஜின் ஓடுவது புகையில் மட்டும்தான் தெரிந்தது. நானா குனிந்து மரையாணியில் சாவியைப் போட்டுத் தளர்த்தினார், நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நானா மறுபடி குனிந்தார். சந்தைக்குப் போன பெண்ணொருத்தி, இந்த மனிதன் ஏன் நடு ஒழுங்கையில் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டே விலகிப் போனாள். நானா இன்னும் ஒரு சுற்றுத் தளர்த்தினார். காற்றோடு லேசாக ஒரு தட்டல் வந்தது. பிறகு அது ஊன்றிக்கொண்டது. டக்டக், டக்டக். அதே இடி.

அவனுடைய இரண்டு கைகளும் மேலே போயின.

"ஒரு கை போதுமடா!" என்று பட்டறை வாசலிலிருந்து நானா கத்தினார். "கேட்டிட்டுத்தானே? கைய இறக்கு!"

நானா ஓடிப்போய் என்ஜினை நிறுத்தும்வரை அவன் கையை இறக்கவில்லை.