அளவுக்கு ஒரு முதுகு

கண்டக்டரின் முகம் அந்த ஊரில் யாருக்கும் நினைவிருக்காது. முதுகோ உலகப் பிரசித்தம்.

தெருமுனையில் ஒரு சின்ன கேலரி. முன்பு சலவைக் கடையாக இருந்த ஒற்றைக் கூடம். வெயில் அடித்தால் சுவரிலிருந்து இன்னமும் சோப்பு வாசனை வரும். அங்கே புதுக் கண்காட்சி என்றால் முதலில் ஒரு புகைப்படம் வெளியாகும். சுவரில் ஓவியம், பக்கத்தில் கேமராவுக்கு முதுகு காட்டி ஒரு மனிதர். ஓவியம் கதவளவா, கைக்குட்டையளவா என்று பார்க்கிறவருக்குப் புரிய வேண்டுமே, அதற்காக. அந்த மனிதர்தான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். காலமெல்லாம் நின்றே சம்பாதித்தவர். பூகம்பம் வந்து ஊரே சாய்ந்தாலும் கம்பியைப் பிடிக்காமல் நேராக நிற்பார். போட்டோக்காரர் “அசையாதீங்க” என்று முடிப்பதற்குள் சிலைகளே வெட்கப்படும் அளவுக்கு உறைந்துவிடுவார்.

மனைவி போனபின் வீட்டில் அவருக்குப் பேச்சுத் துணை ஒரு பல்லிதான். அதுவும் பாதிப் பேச்சில் டியூப்லைட்டுக்குப் பின்னால் போய்விடும். தூரதேசத்து மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து “எல்லாம் ஓகேதானேப்பா?” என்பான். “ஓகேப்பா” என்பார். பேச்சு அத்தோடு மோட்சம் அடைந்துவிடும். அதனால் “வந்து நில்லுங்கண்ணே” என்று கேலரிக்காரம்மா கூப்பிட்டால் போதும், சட்டையை இஸ்திரி போடுவார் பாருங்கள், மாப்பிள்ளை தோற்றான்.

அன்று அவர் போனபோது கேலரிக்காரம்மா வரப்போகும் கண்காட்சிகளின் நோட்டீஸைக் கண்ணாடிக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“அடுத்து மூணு ஷோ அண்ணே. மொதல்ல தீப்பெட்டி சைஸ் ஓவியங்க. அப்புறம் வீடியோ. கடைசியா இருட்டு ரூம்ல வெறும் சத்தம்.”

“நான் எங்கம்மா நிக்கணும்?”

அவள் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். “இந்த சீசன் யாரும் நிக்க வேண்டியதில்லண்ணே. உங்களுக்கு லீவு.”

ஓய்வுபெற்றவருக்கு லீவு கொடுத்தால் அவர் எங்கேதான் போவார்?

சும்மா விடுவாரா? தீப்பெட்டி ஓவியங்கள் வந்த அன்று ஆஜரானார். “முதுகு வேண்டாம்னா போகுது. பக்கத்துல கட்டைவிரலை வெச்சா சைஸ் தெரியும்ல?”

ஓவியர் குனிந்து பார்த்தார். “ஐயோ சார், உங்க விரலுக்குப் பக்கத்துல என் இமயமலை பொரி மாதிரி இருக்கு!”

“அதானே அளவு! நீங்க மலையைப் பொரி சைஸ்ல வரைஞ்சா என் விரல் என்ன பண்ணும்?”

எல்லாரும் சிரித்தார்கள். போட்டோக்காரர் எடுத்தார், மறுபடி எடுத்தார், லென்ஸைத் துடைத்துவிட்டு எடுத்தார். பாறையாக நிற்கும் உடம்பில், நீட்டிய விரல் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படத்திலும் அது புகை மாதிரி விழுந்திருந்தது. கேலரிக்காரம்மா மேஜையிலிருந்து ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்து ஓவியத்தின் ஓரத்தில் செருகினாள். பதவி கைமாறியது.

பிறகும் அவர் அந்தத் தெரு வழியாகத்தான் நடந்தார். காய்கறிக் கடை எதிர்த்திசையில் இருந்தாலும் இந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். வீடியோ கண்காட்சி வந்தது, போனது. அதற்கும் ஒரு முதுகு தேவைப்படவில்லை.

கடைசிக் கண்காட்சிக்காக ஒலிக்கலைஞர் ஒரு பெண் வந்து ஸ்பீக்கர்களை மாட்டினாள். கதவு திறந்திருந்தது. காலிக் கூடம் தண்ணீர்த்தொட்டி மாதிரி முழங்கிற்று. “ச்சே, ஆளே இல்லாம டெஸ்ட் பண்ணா இப்படித்தான். நடுவுல ஒரு உடம்பு இருந்தாத்தான் சவுண்டு அடங்கும்” என்று அலுத்துக்கொண்டாள்.

வாசலில் பையோடு நின்றவர் எப்போது நடுக்கூடத்துக்கு வந்தார் என்று கடவுளுக்கே தெரியாது. “நிக்கணும், அவ்வளவுதானே? அது நம்ம தொழில்மா.”

“தேங்க்ஸ் அங்கிள். லைட்டை அணைச்சிடுவேன். நான் வெளிய வாசல்ல இருப்பேன். நீங்க ஏதாவது பேசுங்க. கொஞ்சம் கழிச்சு அதே பேச்சு சுத்தி எல்லாப் பக்கத்துல இருந்தும் உங்ககிட்ட திரும்பி வரும். அதான் என் ஷோ.”

கறுப்புத் துணி ஒட்டிய கண்ணாடிக் கதவு மூடியது. கும்மிருட்டு. தன் கையே அவருக்குத் தெரியவில்லை.

“உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல எடம் இருக்கு!” என்று பழைய குரலில் அதட்டினார். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்தும் கூரையிலிருந்தும் ஒரு டெப்போவே திரண்டு வந்து அவரை உள்ளே போகச் சொன்னது. அவர் சிரித்தார். சிரிப்பு சுற்றிவந்தது, மெலிந்தது, நின்றது.

அப்புறம் என்ன பேசுவது? யோசித்தார். வாய் தானாகவே, தாழ்ந்த குரலில் கேட்டது.

“சாப்டியா?”

இருட்டு சற்றுத் தயங்கியது. பிறகு இடது பக்கத்திலிருந்து யாரோ கேட்டார்கள். சாப்டியா? முதுகுக்குப் பின்னால், இன்னும் மெதுவாக. சாப்டியா? காதோரமாக ஒருமுறை.

“இன்னும் இல்ல” என்றார் கண்டக்டர். “காலையில காப்பி குடிச்சேன், அவ்வளவுதான்.”

கூடத்துக்கு வெளியிலிருந்து அந்தப் பெண் குரல் கொடுத்தாள். “சூப்பர் அங்கிள், சவுண்டு லெவல் கெடச்சிருச்சு. வெளிய வாங்க!”

“இரும்மா” என்றார் அவர், அசையாமல். “பேசிட்டிருக்கோம்ல.”