மச்சினன் வளர்த்த மீன்

என் மனைவியின் தம்பி கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தவன். வளர்த்து அலுத்ததும், தொட்டிப் பாசியைத் தின்ன வாங்கிவிட்ட கறுப்பு மீன்களை வாளியோடு கொண்டுபோய் ஏரியில் கவிழ்த்துவிட்டான். நான் வலை வீசிப் பிழைக்கும் ஏரி அது.

அந்த மீன்களுக்கு உடம்பெல்லாம் ஓடு, முதுகில் முள். பெருகிப் பெருகி, மற்ற மீன்களை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிட்டன. அந்த முள் வலையைக் கிழித்துவிடும்; இழுத்தால் ஓரக் கயிறு மட்டும்தான் கைக்கு வரும். ஒருமுறை ஒன்று என் படகின் அடியில் ஒட்டிக்கொண்டு, நான் துடுப்புப் போடப் போட என்னை எதிர்க்கரைக்குக் கொண்டுபோய் விட்டது. பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

‘தப்புதான் மாமா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன்.

“அதுவும் மீன்தானே மாமா, பிடிச்சு சாப்பிடுங்க” என்று பல்லைக் காட்டினான்.

சாப்பிடப்போவது நான் இல்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டேன். ஏரியிலேயே அவலட்சணமான ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கத்தி வைத்தேன், மழுங்கியது. கோடாலி போட்டேன், காம்பு முறிந்தது. மீன் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. சேற்று நாற்றத்தோடு, உப்புகூடப் போடாமல் சுட்டு அவன் தட்டில் வைப்பதாகத் திட்டம்.

அதை அடுப்படியில் விட்டுவிட்டுக் கை கழுவப் போனதுதான் பிசகு. தன் அடுப்படியிலிருந்து போகும் தட்டில் ருசி குறைந்தால் என் மனைவிக்குத் தூக்கம் வராது. வயிற்றுப் பக்கம் ஓடு இல்லை என்று கண்டுபிடித்து, குடலை எடுத்து, மிளகும் பூண்டும் எலுமிச்சையும் திணித்து அப்படியே தணலில் போட்டுவிட்டாள். ஓடே சட்டியாகிவிட்டது.

“என்ன காரியம் பண்ணிட்ட?”

“உங்க பகையை ஏரியோட வச்சுக்கோங்க. என் தம்பி சேத்தையா திம்பான்?”

மச்சினன் சுத்தியலால் ஓட்டைத் தட்டி உடைத்தான். வெள்ளைச் சதை ஆவி விட்டது. அவன் விரலை நக்கும் நேரம் பார்த்துச் சொன்னேன்:

“மச்சான், நீ வளர்த்த புள்ளையைத்தான் தின்னுக்கிட்டு இருக்க.”

விக்குவான் என்று தண்ணீர்ச் செம்பை எட்டாத தூரத்தில் வைத்திருந்தேன்.

“இவ்வளவு ருசின்னு தெரிஞ்சிருந்தா ஏரியில விட்டிருக்கவே மாட்டேன்” என்றான். “இன்னொன்னு இருக்கா மாமா?”

“இருக்கு. ஏரியில.”

ருசிக்காக இறங்கியவனிடம், விட்ட நீதான் அத்தனையையும் பிடித்துத் தீர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து ஞாயிறுதோறும் அவன் இடுப்பளவு சேற்றில் நிற்கிறான். முள் குத்தி விரல்கள் வெண்டைக்காயாக வீங்கியிருக்கின்றன. கிழியும் வலையைத் தைப்பதும் அவன்தான். நான் கரையில் குடைக்குக் கீழே உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் உள்ள போ மச்சான், பெருசு அங்கதான் கிடக்கும்” என்று வழிகாட்டுகிறேன்.

போன வாரம் கூடையைக் கரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“ஏரிக்குள்ள இதை விட்டது தப்புதான் மாமா. என்னைக்குத்தான் இது ஒழியும்?”

காது குளிர்ந்தது.

“அட விடு மச்சான். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. போய்க் காலைக் கழுவிட்டு வா.”

அவன் அந்தப் பக்கம் திரும்பியதும், கூடையில் சினையாக இருந்த இரண்டை எடுத்து, நோகாமல் தண்ணீரில் விட்டேன்.