ஷேடு போட்ட கணக்கு

பெயின்ட் கடையில் அவளுக்கு ஷேடு என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரெல்லாம் அடையாள அட்டையோடு சரி. ஜன்னல் கம்பியிலிருந்து சுரண்டிய ஒரு பெயின்ட் சில்லை நீட்டி, "இதே கலர் வேணும்" என்று யாராவது கேட்டால் போதும். கலர் கலக்கும் கம்ப்யூட்டர் மெஷின் பக்கம் போகவே மாட்டாள். ஸ்டெய்னர் என்கிற சாயக் குப்பிகளை எடுத்து, சொட்டுச் சொட்டாகக் கவிழ்த்து, அச்சு அசலாக அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடுவாள். அடர் சிவப்பு தீர்ந்துவிட்டதா? வெளிர் சிவப்பில் இரண்டு சொட்டு கூட விட்டால் ஆயிற்று. இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் குப்புறத் தள்ளியது.

அவள் ஏற்கெனவே ஒரு முறை கர்ப்பமாகிக் குழந்தையை இழந்தவள். ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் முதுகெலும்பு சரியாக மூடவில்லை என்று சொன்னார்கள். அது தங்கவில்லை. என்ன தின்றேன், எதைத் தூக்கினேன், எங்கே தவறினேன் என்று அவள் மாதக்கணக்கில் தன்னையே குடைந்துகொண்டு கிடந்தாள். மறுபடி பிள்ளை வேண்டும் என்று தோன்றியபோது, லிஃப்ட் மெக்கானிக்கான கணவனைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. நீங்க செஞ்ச தப்பு எதுவும் இல்ல" என்றார் டாக்டரம்மா. "குழந்தையோட முதுகெலும்பு ரொம்ப ஆரம்பத்துலயே மூடிடும். நாள் தள்ளிப்போச்சான்னு நீங்க யோசிக்கிறதுக்குள்ளயே அந்த வேலை பாதி நடந்திருக்கும். அதனாலதான் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை முன்கூட்டியே ஆரம்பிக்கச் சொல்றோம். மத்தவங்களுக்குச் சின்ன டோஸ் போதும். உங்களுக்கு முன்ன இப்படி ஆனதால அஞ்சு மில்லிகிராம் எழுதறேன். தினம் ஒண்ணு. மூணு மாசம் போட்டுட்டு அப்புறம் குழந்தைக்கு முயற்சி பண்ணுங்க. அதுவரைக்கும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க."

அந்தக் கடைசி வார்த்தைக்கு லிஃப்ட் மெக்கானிக்கின் காது சிவந்துபோனது.

மருந்துக் கடையில் அந்தப் பெரிய டோஸ் கைவசம் இல்லை. "அடுத்த வாரம் வந்துடும். அதுவரைக்கும் என்ன பண்றதுன்னு டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்குங்க" என்றார் கடைக்காரர். கேட்டிருக்கலாம். ஆனால் அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்களே, அது இவளுக்காகவே சொன்னது. சூப்பர் மார்க்கெட் அலமாரியில் ஒரு மல்டிவிட்டமின் குப்பியைப் பார்த்தாள். ஃபோலிக் ஆசிட், புள்ளி நான்கு மில்லிகிராம் என்று போட்டிருந்தது. கலர் கலக்குகிற மூளை உடனே கணக்குப் போட்டுவிட்டது. பன்னிரண்டு மாத்திரை போட்டால் கிட்டத்தட்ட ஐந்து. அடர்த்தி குறைந்த சாயமென்றால் கூட ஊற்றுகிறோம், இது மட்டும் என்ன அதிசயம்?

காலையில் நாலு, மத்தியானம் நாலு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நாலு. வேலைக்கு ஓடுகிற கணவனிடம் சொல்லவில்லை. மாமியாரிடம் சொல்லுகிற பேச்சே இல்லை.

நாலைந்து நாளில் வயிறு வலித்துப் புரட்டியது. காலையில் எழுந்ததும் குளியலறைக்கு ஓடினாள். திரும்பி வந்தால், மாமியார் கதவருகே இடுப்பில் கைவைத்து நிற்கிறார். முகமெல்லாம் பல்.

"என்ன, விசேஷமா?"

"தெரியல அத்தை. நாளும் கொஞ்சம் தள்ளித்தான் போயிருக்கு."

அவ்வளவுதான். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமும் சொல்லவேண்டாம் என்று மருமகளுக்குப் புத்தி சொல்லிவிட்டு, மாடிப்படி இறங்குவதற்குள் மூன்று வீட்டில் சொல்லியாயிற்று. வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு அழுதும் முடித்தாயிற்று. ஷேடும் சிரித்தாள். டாக்டரம்மாவிடம் போவதற்கு முன்பு ஜாக்கிரதை பார்க்காத ஒருநாள் அவளுக்கு நினைவில் இருந்தது. இருக்கட்டுமே, மாத்திரைதான் போட்டுக்கொண்டிருக்கிறோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டு கடைக்குப் போனாள்.

அன்று பார்த்து, பெயின்டர் ஒருவர் டின்னைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

"நல்லா இருக்கும்மா உங்க பெயின்ட்டு. ஒரு வாரமாச்சு, கதவு காயவே மாட்டேங்குது. வீட்டுக்காரரு தெரியாம சாஞ்சுட்டாரு. பேன்ட்ல பாதி கதவுலயே இருக்கு."

ஷேடு டின்னுக்குள் குச்சியை விட்டுப் பார்த்தாள். முகர்ந்தாள். "அண்ணே, நான் குடுத்த கலர் இது இல்ல. நீங்க என்ன பண்ணீங்க?"

"கொஞ்சம் டார்க்கா வேணும்னாங்க. ஸ்டெய்னர் இருந்துச்சு, ஒரு குப்பியைக் கவுத்துட்டேன்."

"கவுத்துட்டீங்களா? அது சரி. கலர் மட்டுமா உள்ள போகும்? அதுல கலந்திருக்கிற எண்ணெயும் சேந்துதானே போகும்? அளவு மீறினா எப்படிண்ணே காயும்? கலர் பத்தலன்னா என்னைக் கேக்கணும், நீங்களே..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. பெயின்டர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அவள் காதில் விழவில்லை. கைப்பையிலிருந்து குப்பியை எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை முதல்முறையாகப் படித்தாள். வைட்டமின் ஏ. இரும்பு. இன்னும் என்னென்னவோ. எல்லாம் பன்னிரண்டு மடங்கு. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று எச்சரிக்கை வேறு. வயிற்றுக்குள் இன்னொரு உயிர் இருந்தால் அதற்கும் சேர்த்தல்லவா கவிழ்த்திருக்கிறாள்!

கணவனுக்குப் போன் போட்டாள். ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டு அவன் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவளுக்கு அழுகையைக் கிளப்பியது.

டாக்டரம்மா குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வாந்திக்கும் வயித்து வலிக்கும் இதுல இருக்கிற இரும்புதான் காரணமா இருக்கும். அதுவும் ஓவரா போகக் கூடாது. இப்பவே நிறுத்துங்க. அதைவிட எனக்கு முக்கியம் வைட்டமின் ஏ. ஒரு மாத்திரைல இருக்கிறது பரவாயில்ல. பன்னெண்டுல இருக்கிற அளவு, கர்ப்பமா இருந்தா குழந்தைக்கு நல்லதில்ல. முதல்ல இருக்கா இல்லையான்னு பார்ப்போம். சிறுநீர்லயும் ரத்தத்துலயும் ரெண்டுலயும் பாத்துடலாம்."

ஆஸ்பத்திரிக் கழிவறையில், சோதனைப் பட்டையைக் கழுவுதொட்டி விளிம்பில் வைத்துவிட்டு அவள் நின்றாள். முதல் முறை எத்தனை மாதம் இந்தப் பட்டையில் இரண்டு கோடு வராதா என்று ஏங்கியிருக்கிறாள். ஒற்றைக் கோட்டைப் பார்த்து எத்தனை முறை குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். இன்று அந்த ஒற்றைக் கோட்டுக்காகத் தெய்வத்தை வேண்டிக்கொண்டு நிற்கிறாள். எந்தத் தாய்க்கு இப்படி ஒரு வேண்டுதல் வரும்?

"இப்ப வந்துடாதே கண்ணு" என்று வாய்விட்டே சொன்னாள். "அம்மா இன்னும் தயாராகல. கொஞ்சம் பொறுத்து வாடா."

ஒரு கோடு வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டாவது வரவேயில்லை.

ரத்தப் பரிசோதனையும் இல்லை என்றே சொன்னது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அதே நொடியில் நெஞ்சு ஒரு ஓரமாக வலிக்கவும் செய்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில், டாக்டரம்மா முன்னால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

"உடம்பு இப்படி அலைக்கழிஞ்சா நாள் தள்ளிப்போறதுண்டு. பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டரம்மா. "சரியான மாத்திரை எங்க ஃபார்மசியிலயே இருக்கு, வாங்கிக்கங்க. அந்த மூணு மாசத்தை இன்னியிலேருந்து எண்ணுங்க. கர்ப்பமானதுக்கு அப்புறமும் முதல் மூணு மாசம் நிறுத்தக் கூடாது. வேற எதைப் போடறதா இருந்தாலும், சத்து மாத்திரையா இருந்தாலும் சரி, என்னைக் கேட்டுட்டுப் போடுங்க. நானும் கலர் கலக்க உங்க கடைக்குத்தானே வருவேன்?"

இனி மிச்சமிருந்தது மாமியார். இருவரும் வீட்டுக்குள் நுழைந்ததும் "என்ன சொன்னாங்க?" என்று எழுந்தே விட்டார்.

"இல்லைன்னுட்டாங்க அத்தை" என்றாள் ஷேடு. மாமியாரின் முகம் தொங்கிப்போவதற்கு முன்பே கையைப் பிடித்து உட்காரவைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பன்னிரண்டு மாத்திரையைச் சொன்னாள், பெயின்டரைச் சொன்னாள், கழிவறையில் நின்று வேண்டிக்கொண்டதையும் சொன்னாள்.

மாமியார் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"ஆமாடி, இல்லையாம். ... எதுக்கு அழறே? நல்ல சேதிதான். எங்க வீட்டுக்கு வர்ற புள்ள நல்லபடியா வரட்டும்னு நாங்கதான் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கோம். ... உனக்குப் புரியாது, வை போனை."

மறுநாள் காலை, கடைக்குக் கிளம்பிய மருமகளை வாசலிலேயே மறித்தார்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன் அத்தை."

"எத்தனை?"

"ஒண்ணுதான் அத்தை."

"வாயைத் திற, பாப்போம்."

ஷேடு சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிஜமாகவே உள்ளே எட்டிப் பார்த்தார்.