இரண்டு செங்கல் உயரம்

என் பிக்கப் வண்டி உயரம். அதில் ஃபுட்போர்டு மாட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என் மனைவி பவுனு தானாகவே ஏறிக்கொள்வாள். அவள் கால் தசைகள் நாளுக்கு நாள் வலுவிழந்துகொண்டிருந்தன. எந்த உயரத்தில் மாட்டுவது என்று பார்க்க, வாசலில் இரண்டு செங்கல் அடுக்கி ஏறச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். தாபோடியில் வண்டிச் சாமான் மாட்டும் கடைக்காரன் அன்றே மாட்டித் தருகிறேன் என்றான். நான்தான் இரும்பா, ஸ்டீலா என்று இரண்டு மாதம் இழுத்தடித்தேன். மடையன்.

இன்று காலை மறுபடி ஏறச் சொன்னேன். முடியவில்லை. ஒரு செங்கல்லை எடுத்தேன். அப்போதும் பாதம் தரையை விட்டு எழவில்லை.

“தூக்கு பவுனு, கொஞ்சம் தூக்கேன்!” என்று கத்தினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். செங்கல்லை எட்டி உதைத்தேன். என் விரல்தான் வலித்தது.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரன் போன் செய்தான். இரும்பா ஸ்டீலா, என்ன முடிவு என்று இந்தியில் கேட்டான். ஸ்பீக்கரில் போட்ட போனைப் பிடித்தபடியே, உதைத்த செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தேன்.

நாற்காலியிலிருந்து பவுனு சொன்னாள்: “ஸ்டீலே போடச் சொல்லுங்க. ரொம்ப வருஷம் வரும்.”